புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்: மலாயா மருத்துவ ஆய்வில் ஒரு தமிழ் உணவின் வரலாறு



நாம் கூடியிருக்கும் லகாட், ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் இடையில் கிந்தா பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிக வளமான வெள்ளீய நிலங்களுள் ஒன்றாக விளங்கியது இப்பள்ளத்தாக்கு. சீனத் தொழிலாளர்கள் சுரங்கங்களில் உழைத்தனர். அடுத்துவந்த ஆண்டுகளில் இரப்பர் பரவியபோது தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களில் குடியேறினர். இவ்விரு கூட்டத்தாரும் ஒரே மழையில் நனைந்தனர். ஒரே காய்ச்சலால் வருந்தினர். ஆயினும் ஒரு நோய் மட்டும் இவர்களை வேறுபடுத்தியது. சுரங்கத் தொழிலாளரை அது கூட்டங்கூட்டமாகக் கொன்றது. தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் தீண்டவில்லை. அந்நோயின் பெயர் பெரிபெரி. அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடிய ஆய்வு, உயிர்ச்சத்து என்னும் கருத்து பிறப்பதற்கு வழியமைத்த ஆய்வுகளுள் ஒன்றாயிற்று. அதன் நடுவே இருந்தது நம் வீட்டுப் பானையில் கொதித்த புழுங்கலரிசி. அவ்வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

1. நோயும் அதன் இலக்கும்

பெரிபெரி என்னும் பெயர் சிங்கள மொழியில் பலவீனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததென்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நோயின் தொடக்கத்தில் கால்கள் மரத்துப்போகும், கெண்டைச் சதை வலிக்கும், நடை தளரும். சிலருக்குத் தசைகள் வற்றி, எழுந்து நிற்கவும் இயலாத நிலை வரும். இது வறண்ட வகை. வேறு சிலருக்குக் கால்களும் வயிறும் நீர்கோத்து வீங்கி, இதயம் விரிந்து, மூச்சுத் திணறித் திடீரென உயிர் போகும். இது ஈர வகை.

இந்நோய் எல்லாரையும் ஒருபடித்தாகத் தாக்கவில்லை. சுரங்கக் கொங்சிகள், சிறைகள், மனநோய் விடுதிகள், கப்பல்கள், படைமுகாம்கள் ஆகிய இடங்களிலேயே அது மிகுதியாகக் காணப்பட்டது. பலர் நெருங்கி வாழும் இடங்களில் பரவுவதால் இது தொற்றுநோய் என்று மருத்துவர்கள் கருதியது இயல்பே. அவ்விடங்கள் அனைத்திலும் உணவு ஒரே சமையலறையிலிருந்து வந்தது என்பதோ, அவ்வுணவு பெரும்பாலும் வெறும் சோறாகவே இருந்தது என்பதோ அக்காலத்தில் எளிதில் கண்ணுக்குப் படவில்லை.

2. கிருமியைத் தேடிய காலம்

1880ஆம் ஆண்டுகள் நுண்ணுயிரியலின் பொற்காலம். இராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அடுத்த இரண்டாண்டுகளுக்குள் காலராவுக்கும் காரணமான கிருமியை நிறுவினார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி உண்டு என்ற நம்பிக்கை மருத்துவ உலகெங்கும் வேரூன்றியது. 1886இல் டச்சு அரசு பெக்கெல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இரு அறிஞர்களைப் பெரிபெரியின் கிருமியைக் காணுமாறு கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. அவர்களுக்கு உதவியாகச் சென்ற இளம் மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மான், அவர்கள் திரும்பிய பின்னரும் பத்தாவியாவில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார்.

மலாயாவிலும் இதே நம்பிக்கையே முதலில் கோலோச்சியது. 1900இல் கோலாலம்பூரில் நோய்க்கூற்று ஆய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. அதுவே பின்னர் மருத்துவ ஆய்வுக் கழகம் என்று பெயர் பெற்று இன்றளவும் நிலவுகிறது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், கோலாலம்பூர்ச் சிறைக் கைதிகளிடையே பெரிபெரியை ஆராய்ந்தார். குடலின் மேற்பகுதியில் வளரும் ஒரு நுண்ணுயிரி நஞ்சை உண்டாக்குகிறது, அந்நஞ்சு நரம்புகளைக் கெடுக்கிறது என்பது அவர் முடிபு. உணவு காரணமன்று என்றும் அவர் கருதினார். ரைட் கவனமற்றவர் அல்லர். அவர் காலத்துக் கோட்பாடு எதைக் காணச் சொன்னதோ அதையே அவர் கண்டார். அவர் சொன்ன கிருமியைப் பிறர் எவரும் உறுதிசெய்ய இயலவில்லை.

கிருமிக் கோட்பாட்டுக்கு மாறான சான்று அதற்கு முன்பே இருந்தது. ஜப்பானியக் கடற்படையின் ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் 1882-83இல் நெடும்பயணம் சென்றபோது, 376 பேரில் 169 பேர் பெரிபெரிக்கு ஆளாயினர். 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தக்காக்கி கனேஹிரோ 1884இல் சுகுபா என்னும் கப்பலை அதே வழியில் அனுப்பி, உணவில் சோற்றைக் குறைத்து இறைச்சி முதலியவற்றைச் சேர்க்கச் செய்தார். அக்கப்பலில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று தக்காக்கி விளக்கினார். மருந்து பலித்தது, விளக்கம் தவறியது. இவ்வரலாற்றில் இந்நிலை மீண்டும் மீண்டும் வரக் காண்போம்.

3. கோழிகள் சொன்ன செய்தி

பத்தாவியாவில் ஐக்மான் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில மாதங்களில் தாமாகவே குணமடைந்தன. அவர் காரணத்தை ஆராய்ந்தார். இடைப்பட்ட காலத்தில் கோழிகளுக்குப் படை மருத்துவமனையின் தீட்டிய வெள்ளரிசிச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர்க்குரிய அரிசியைக் கோழிக்குத் தர இயலாது என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. மாவுப்பொருளில் ஒரு நஞ்சு உண்டு, தவிட்டின் மெல்லிய தோல் அதனை முறிக்கிறது என்பது ஐக்மானின் முதல் விளக்கம்.

ஜாவாவின் சிறைகளைக் கண்காணித்த வோர்டர்மான் இதனை மனிதரிடையே சோதிக்க 101 சிறைகளின் பதிவுகளைத் திரட்டினார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் நோயுற்றனர். தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஒருவரே நோயுற்றார். ஐக்மானின் பின்வந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் புதியதொரு கருத்தை முன்வைத்தார். அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை. தீட்டும்போது நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு பொருள் அகன்றுவிடுகிறது என்றார் அவர். இல்லாத ஒன்று நோயை உண்டாக்கும் என்னும் கருத்து அக்கால மருத்துவத்துக்குப் புதிது. அது டச்சு மொழியில் வெளிவந்தமையால் மலாயாவின் ஆங்கில மருத்துவர்களை உடனே எட்டவில்லை.

4. பிராடனின் கண்ணோட்டம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசு மருத்துவராயிருந்த வில்லியம் லெனார்ட் பிராடன், ஒரு மாநிலத்துக்குள்ளேயே மூன்று சமூகத்தாரின் அரிசியை ஒப்பிட்டுப் பார்த்தார். சீனத் தொழிலாளர்கள் ஆலையில் தீட்டப்பட்ட சயாம் வெள்ளரிசியை உண்டனர். அவர்களிடையே பெரிபெரி மிகுதி. கம்பத்து மலாய் மக்கள் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். அவர்களிடையே நோய் அரிது. தமிழர்களும் கடையிலும் தோட்டத்திலும் விலைக்கு வாங்கிய அரிசியையே உண்டனர். அதுவும் கடல் கடந்து வந்த பழைய அரிசியே. ஆயினும் அவர்களிடையேயும் நோய் அரிது. காரணம், அது புழுங்கலரிசி.

இங்கே மொழி பற்றி ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும். தமிழில் பச்சரிசி, புழுங்கலரிசி என்ற இரு சொற்கள் தொன்றுதொட்டு வழங்குகின்றன. சமையலறையில் எவரும் இவற்றைக் குழப்புவதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய பிராடனோ இவற்றைப் ‘பதப்படுத்திய அரிசி’, ‘பதப்படுத்தாத அரிசி’ என்று பொருள்படும் சொற்களால் சுட்டினார். நோய்க்காரணத்தை அறிய எந்த வேறுபாடு தேவையாயிருந்ததோ அவ்வேறுபாட்டை நம் மொழி முன்னமே பெயரிட்டு வைத்திருந்தது. பெயர் இருந்ததனால் மட்டும் மருத்துவ அறிவு இருந்ததென்று ஆகாது. எனினும் மருத்துவர்கள் நோயாளியின் மொழியில் உணவைப் பற்றி வினவியிருந்தால் விடை விரைந்து கிடைத்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

பிராடன் தம் கருத்துகளை 1907இல் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய பெருநூலாக வெளியிட்டார். வெள்ளரிசி நெடுநாள் கிடக்கும்போது அதன்மேல் வளரும் பூஞ்சை போன்ற ஓர் உயிரி நஞ்சை உண்டாக்குகிறது, நெல்லை அவிப்பது அதனைத் தடுக்கிறது என்பது அவர் விளக்கம். அவர் கண்டது உண்மை. சொன்ன காரணம் பிழை. கிருமிக் கோட்பாடு அவரையும் முழுதாக விட்டு விலகவில்லை.

5. ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அங்கே ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டனர். ஒற்றைப்படை எண்ணுடையோர்க்குச் சயாம் வெள்ளரிசியும், இரட்டைப்படை எண்ணுடையோர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் வழங்கினர். பிற உணவில் வேற்றுமை இல்லை. இடத்தின் தன்மையே காரணமாயிருக்கலாம் என்ற ஐயம் நீங்கும்பொருட்டு, நடுவில் இரு குழுவினரின் விடுதிப் பகுதிகளையும் மாற்றினர்.

வெள்ளரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்றனர். 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோயுடையோர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். 1907இல் ‘லான்செட்’ இதழில் இம்முடிவுகள் வெளியாயின. யார் எந்த அரிசியை உண்பது என்பதை எண்ணே தீர்மானித்தமையால், ஓர் இனத்தாரின் பிறவிக் குணம் அவரைக் காத்தது என்று சொல்ல இடமில்லாமற் போயிற்று. தமிழரைக் காத்தது தமிழரின் குருதியன்று, தமிழரின் அரிசி.

மாணவர்கள் இங்கே இன்னொன்றையும் கருத வேண்டும். இறந்த 18 பேரிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. ஒப்புதல் தரும் நிலையிலும் அவர்கள் இல்லை. விடுதியில் முன்பும் வெள்ளரிசியே வழங்கப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் இரு குழுக்களுக்கும் இடையே இத்தகைய வேறுபாடு தோன்றியபின் சோதனையைத் தொடர இன்றைய மருத்துவ அறம் ஒப்பாது. அறிவியலின் சில உண்மைகளுக்குக் குரலற்றவர்கள் விலை கொடுத்தனர் என்பதை மறைத்து இவ்வரலாற்றைக் கற்பித்தல் முறையன்று.

6. டுரியான் தீப்புஸ் காட்டில்

அடுத்த படியை எடுத்தவர்கள் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநர் ஹென்றி பிரேசரும் அவர் உடனாய்வாளர் தாமஸ் ஸ்டாண்டனும். நெகிரி செம்பிலானில் ஜெலெபு பகுதியைச் சேர்ந்த டுரியான் தீப்புஸ் என்னும் காட்டுப்புறத்தில் ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்கள் சாலை அமைத்துக்கொண்டிருந்தனர். 1907இல் அவர்களை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு வெள்ளரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் வழங்கினர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளரிசிப் பிரிவில் பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றியதும் நோய் நின்றது. பின்னர் பிரிவுகளை எதிர்மாறாக்கியபோது, முன்பு நலமாயிருந்து இப்போது வெள்ளரிசி உண்டவர்களிடையே நோய் தோன்றியது. தொற்றினால் நோய் பரவியது என்பதற்கு எச்சான்றும் கிடைக்கவில்லை.

ஆய்வகம் திரும்பிய இருவரும் கோழிகளைக்கொண்டு பிராடனின் நஞ்சுக் கோட்பாட்டைச் சோதித்தனர். அப்போதே தீட்டிய புத்தம்புது வெள்ளரிசியும் கோழிகளை முடமாக்கியது. ஆகவே பழமையோ பூஞ்சையோ காரணமன்று. வெள்ளரிசியோடு தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது கோழிகள் நலமாயிருந்தன. புழுங்கலரிசியைச் சாராயத்தால் கழுவிச் சாரத்தைப் பிரித்தெடுத்தபின், அப்புழுங்கலரிசியும் காக்கும் ஆற்றலை இழந்தது. நோயைத் தடுக்கும் பொருள் ஒன்று அரிசியின் புறப்பகுதியில் உண்டு, அது கரைந்து வரக்கூடியது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

அப்பொருளை அவர்களால் தனித்தெடுக்க இயலவில்லை. அதற்கு மாறாகப் பயனுள்ள ஓர் அளவுகோலை வகுத்தனர். தவிடு குறையக் குறைய அரிசியில் பாசுபரசும் குறைகிறது. பாசுபரசு ஐந்தாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்த அரிசியை முதன்மை உணவாகக் கொள்வது தீங்கு என்றனர். பாசுபரசு மருந்தன்று, அடையாளமே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியைத் தொடர்ந்து உண்பதே பெரிபெரியோடு தொடர்புடையது என்று தீர்மானம் இயற்றியது. மலாயாவின் அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் புழுங்கலரிசி இடம்பெற்றது. சந்தையில் வெள்ளரிசி விற்பனை தொடர்ந்தது. ஆதலால் கூலி உழைப்பாளரிடையே நோய் மெல்லவே குறைந்தது.

7. பொருளுக்குப் பெயர் கிடைத்தது

இலண்டன் லிஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய காசிமிர் பங்க் 1912இல் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்னும் பெயரை வழங்கினார். தமிழில் அதனை உயிர்ச்சத்து என்கிறோம். 1926இல் யான்சன், டோனாத் ஆகிய இருவர் பத்தாவியாவில் அரிசித் தவிட்டிலிருந்து பெரிபெரியைத் தடுக்கும் பொருளைப் படிகமாகப் பிரித்தனர். 1929இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்து 1936இல் ஆய்வகத்தில் ஆக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர் அவர். அப்பொருளே தையமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1.

உடலில் அது செய்யும் பணியும் அதே காலத்தில் விளங்கியது. நாம் உண்ணும் மாவுப்பொருள் சர்க்கரையாகி, படிப்படியாக உடைந்து ஆற்றல் தருகிறது. அவ்வழியில் பைருவேட் என்னும் பொருள் அடுத்த நிலைக்குச் செல்லத் தையமின் துணை வேண்டும். துணை இல்லையெனில் பைருவேட் தேங்கும், ஆற்றல் தடைப்படும். மிகுந்த ஆற்றலை நாடும் நரம்பும் இதயமும் முதலில் நலிகின்றன. நம் உடல் சேமித்து வைக்கும் தையமின் ஏறத்தாழ 30 மில்லிகிராம் மட்டுமே. சோற்றை மிகுதியாக உண்டு கடுமையாக உழைப்பவர்க்கு அதன் தேவையும் மிகுதி. சுரங்கத் தொழிலாளர் ஏன் முதலில் வீழ்ந்தனர் என்பதற்கு இதுவே விளக்கம்.

புழுங்கலரிசி எவ்வாறு காத்தது? நெல்லில் தையமின் பெரும்பாலும் முளையிலும் தவிட்டுப் படலத்திலும் உள்ளது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அது நீரில் கரைந்து மணியின் உட்பகுதிக்குச் செல்கிறது. மாவுப்பொருள் இறுகி அதனைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் உலர்த்தித் தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது.

தமிழ்நாட்டிலும் இதன் தொடர்ச்சி உண்டு. நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் 1918இல் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அதன் இயக்குநராய் வந்த அய்க்ராய்டு, கிருஷ்ணன், சுந்தரராஜன் முதலியோருடன் சேர்ந்து 1940இல் இந்தியாவின் அரிசிச் சிக்கல் பற்றி ஓர் ஆய்வுநூல் வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் பெரிபெரி பெரிதும் காணப்பட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடற்கரையில்தான். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அன்று. மலாயாவில் கண்ட வேறுபாடு தாயகத்திலும் அவ்வாறே விளங்கியது.

8. நாம் கொள்ள வேண்டியவை

முதலாவது: நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே நெல்லை அவித்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அவித்த நெல் எளிதில் உமி நீங்கும், அரிசி நொய்யாகாது, நெடுநாள் கெடாது. இவையே அவ்வழக்கத்துக்குப் போதிய காரணங்கள். நெல் அவித்த பெண்களின் கைத்திறம் மெய்யான அறிவு. அதற்கு மருத்துவப் பட்டம் சூட்டத் தேவையில்லை. இன்று மூலிகைகளைப் பற்றியும் மரபு உணவுகளைப் பற்றியும் பல கூற்றுகள் உலவுகின்றன. அவற்றைப் பழையவை என்பதனால் ஏற்பதும் தவறு; பழையவை என்பதனால் தள்ளுவதும் தவறு. பிளெட்சர், பிரேசர், ஸ்டாண்டன் செய்ததுபோல் ஒப்பிட்டுச் சோதிப்பதே வழி.

இரண்டாவது: ஒரு நோயிலிருந்து காப்புப் பெற்றதனால் தோட்டத் தமிழர் நலமாக வாழ்ந்தனர் என்று எண்ணலாகாது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் லயங்களில் எண்ணற்றோரைக் கொண்டுசென்றன. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசி வரவு அற்றுப்போய் மக்கள் மரவள்ளிக்கிழங்கை நம்பி வாழ்ந்தபோதும், சயாம் இரயில் பாதைக்குத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுசெல்லப்பட்டபோதும், பெரிபெரி அவர்களையும் பற்றியது. நோயின் காரணம் அப்போது உலகறிந்த செய்தி. தடுக்கும் பொருளும் ஆய்வகத்தில் ஆக்கப்பட்டிருந்தது. உணவு கிடைக்காத இடத்தில் அவ்வறிவு எவரையும் காக்கவில்லை.

மூன்றாவது: ரைட், பிராடன், ஐக்மான் ஆகியோர் தந்த விளக்கங்கள் பிழைபட்டன. ஆயினும் அவர்கள் பதிவுசெய்தவை அடுத்தவர்க்குப் பயன்பட்டன. கண்டதையும் அதற்குத் தாம் கற்பித்த காரணத்தையும் பிரித்து எழுதும் பழக்கத்தை மாணவர்கள் பெற வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லகாட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழ்ந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். தோட்டத்தில் அளந்த அரிசி எது, அதன் பெயர் என்ன, சோற்றை எவ்வாறு வடித்தனர், கஞ்சியை என்ன செய்தனர், பஞ்ச காலத்தில் எதை உண்டனர் என்பவற்றை மாணவர்கள் அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைக்கட்டும். மருத்துவ ஆவணங்கள் நோயுற்றோரின் எண்ணிக்கையைத் தருகின்றன. அவர்கள் உண்ட உணவின் செய்தி பெரும்பாலும் நம் வீடுகளிலேயே உள்ளது. அதை எழுதுவதற்கான காலம் குறுகி வருகிறது.